கல்முளைக்குள் சிக்கிய தண்ணீரை வைத்துப் பழங்கால மழையைச் சொல்வது நம்பும்படியானதா?

நம்பலாம். நீங்களும் மதுரைப் பக்கம், மேகாலயா மாவ்ம்லூ குகைச் செய்தியைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். (2018இல் புவி வரலாற்றின் கடைசி 4,200 ஆண்டை 'மேகாலயன் காலம்' என்று அறிவித்தது அங்கே கிடைத்த கல்முளையை, அதாவது ஸ்டாலக்மைட்டை, வைத்துத்தான். ஆனால் அது கல்லிலேயே உள்ள ஆக்சிஜனில் கன வகை எவ்வளவு என்று அளந்து சொன்னது.) யானைமலை, சமணர் மலைக் குகைகளில் இதைத் தேட வேண்டாம். அவை கருங்கல். சுண்ணாம்புப் பாறையை மழைநீர் கரைத்து, குகைக்குள் சொட்டினால்தான் தரையிலிருந்து கல்முளை வளரும்.

நிலவியல் முடித்து வடக்கே ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். நீளவாக்கில் அறுத்த கல்லில் சில அடுக்கு கண்ணாடி போலவும் சில அடுக்கு பால்வெள்ளையாகவும் இருக்கும். எங்களுக்கு வேண்டியது பால்வெள்ளை. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த வெள்ளை முழுக்கத் தண்ணீர் அடைபட்ட நுண்குழிகள், கல் வளர்ந்த திசையிலேயே நீண்டு கிடக்கும். ஒரு கிராம் கல்லைச் சூடாக்கி நொறுக்கினால் ஒரு மைக்ரோலிட்டர் (லிட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தண்ணீர் தேறினாலே பெரிது.

ஊரில் ஒரு கல்யாண வீட்டில் மாமா, "ஏத்தா, கல்ல ஒடச்சு மழையச் சொல்றியாமே?" என்று எல்லாரும் சிரிக்கக் கேட்டார். இன்னமும் உறுத்துகிறது. பொம்பளப்பிள்ள மலை மலையா அலையணுமா என்று அப்பாவைத் தடுக்கப் பார்த்தவரும் அவர்தான். கூடப் படித்த பையன்கள் யாரையும் வீட்டில் இப்படிக் கேட்கவில்லை. களப்பயணத்துக்கு அனுமதி கிடைக்காமலே பாடம் மாறிப்போன தோழி ஒருத்தி, பாறை பார்ப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

'இத்தனை ஆயிரம் வருஷம் தண்ணீர் மாறாமலா இருக்கும்?' என்று யாராவது வருவார்கள். நீரின் ஆக்சிஜன் சுற்றியுள்ள கல்லோடு இடம் மாறலாம், மறுக்கவில்லை. ஆனால் கல்முளையின் கனிமமான கால்சைட்டில் ஹைட்ரஜனே கிடையாது, மாற ஆளில்லை. அதனால் அந்த நீரில் கன ஹைட்ரஜன் (டியூட்டீரியம்) எவ்வளவு என்று அளந்து, மழைநீரில் கன ஹைட்ரஜனுக்கும் கன ஆக்சிஜனுக்கும் 1961இல் அமெரிக்கப் புவிவேதியியலாளர் ஹார்மன் கிரெய்க் கண்ட உறவை வைத்து அன்றைய நீரின் கன ஆக்சிஜனைக் கணக்கிடலாம். அதைக் கல்லின் கன ஆக்சிஜனோடு ஒப்பிட்டால் அன்றைய குகையின் வெப்பநிலை வரும். கல்லை மட்டும் பார்த்தால் மாறியது மழையா வெப்பமா என்று பிரிப்பது கடினம்.

வயதையும் குத்துமதிப்பாகச் சொல்வதில்லை. யுரேனியம் நீரில் கரைந்து வரும், தோரியம் அநேகமாகக் கரையாது. ஆகவே கல்லில் உள்ள தோரியம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து உண்டானது. அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் வயது தெரியும், சுமார் 6 லட்சம் ஆண்டு வரை இப்படிக் கணிக்கலாம். விரிசல் கண்ட துண்டை நாங்களே ஒதுக்கிவிடுவோம். ஒரே அடுக்கின் அடுத்தடுத்த துண்டுகளை நொறுக்கி, எண்கள் ஒத்துவந்தால்தான் எடுத்துக்கொள்வோம்.