செடி மாற்றிக்கொள்ளும்போது பூச்சி கூடவே வராமலிருக்க

கேள்வி: பெங்களூரு சர்ஜாபூர் சாலையில் ஒரு அடுக்ககத்தில் இருக்கிறோம். இங்கே பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் பால்கனியிலும் மொட்டை மாடியிலும் செடி வளர்க்கிறோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் தோட்டத்தைப் பார்க்கப் போவோம், செடியும் விதையும் மாற்றிக்கொள்வோம். போன முறை வாங்கிவந்த செம்பருத்தித் தொட்டியிலிருந்து என் கத்தரி, கொய்யா எல்லாவற்றிலும் மாவுப்பூச்சி ஏறிவிட்டது. மதுரையிலிருந்து கொண்டுவந்து நட்ட குண்டுமல்லிக் குச்சிகளோ தளிர் விட்டு, பிறகு கருகிப்போயின. இரண்டிலும் எங்கே தவறு?

பதில்: செம்பருத்தியை வாங்கிவந்த அன்றே மற்ற தொட்டிகளுக்கு நடுவில் வைத்திருப்பீர்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் நடக்கிறது. கொடுத்தவரைக் குறை சொல்ல முடியாது. தொடக்கத்தில் மாவுப்பூச்சி இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கிலும் மொட்டின் அடியிலும் மட்டும்தான் இருக்கும். பகல் வெளிச்சத்தில் தெரியாது, டார்ச் அடித்துப் பார்த்தால் பஞ்சு ஒட்டியதுபோல் தெரியும். அந்தப் பஞ்சு முட்டைப் பை, ஒரு பையில் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். அவை பொரிக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அதிலிருந்து வரும் குஞ்சுகள் கண்ணுக்கு எளிதில் படாது. இலையோடு இலை உரசினாலே அடுத்த தொட்டிக்குப் போய்விடும், எறும்பும் தூக்கிக்கொண்டு போகும்.

அதனால் புதிய செடி எதுவானாலும், லால்பாக் நர்சரியில் வாங்கியதே ஆனாலும், மூன்று வாரம் தனியாக வையுங்கள். இரண்டு வாரம் போதாது. முட்டை பொரித்து, குஞ்சு வளர்ந்து, மேலே மாவு படிந்து நம் கண்ணில் படவே அவ்வளவு நாள் ஆகிவிடும். வேறு பால்கனி இல்லையென்றால் மற்ற தொட்டிகளிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி வைத்து, ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு கல் போட்டு, அதன்மேல் தொட்டியை நிறுத்துங்கள். எறும்பு தாண்டாது. கொசு வராமலிருக்க இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

இப்போது பரவியிருப்பதற்கு: நுனி சுருண்டு முடிச்சுப்போல் திரண்டிருந்தால் அதைக் கிள்ளி, பாலித்தீன் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். மீதியை வேகமான தண்ணீர்ப் பாய்ச்சலில் கழுவி, மறுநாள் மாலை லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் 2 மில்லி திரவ சோப்பும் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். முதலில் எண்ணெயையும் சோப்பையும் குழைத்துக்கொண்டு, பிறகுதான் தண்ணீர் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து இலையைக் கருக்கும். ஆறேழு நாள் இடைவெளியில் மூன்று முறை அடியுங்கள். ஒரே தடவையில் போகாததற்குக் காரணம், மெழுகுப் பஞ்சுக்குள் இருக்கும் முட்டையை மருந்து தொடுவதே இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பொரித்த குஞ்சுதான் சாகும்.

தெளிப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்தில் ஒன்று மட்டும் பெரிதாக, உடல் முழுக்க வெள்ளை நூல் தொங்க, சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருந்தால் அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழுவாக இருக்கும். பார்வைக்கு மாவுப்பூச்சி மாதிரியே இருப்பதால் பலரும் அதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள். அது இருக்கும் கிளையை மட்டும் விட்டுவிடுங்கள். 2008 வாக்கில் கோவைப் பகுதியில் தலைகாட்டி, பப்பாளியையும் மல்பெரியையும் பாழாக்கிய பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியதும் மருந்து அல்ல. பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சிகள் ஆய்வு மையம் 2010-ல் வெளிநாட்டிலிருந்து தருவித்துப் பெருக்கிய ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. நல்ல பூச்சிக்கு இடம் விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்று நேரிலேயே தெரிந்தது.

இனி மல்லிக்கு வருவோம். தளிர் விட்டுப் பிறகு கருகியது என்று எழுதியிருக்கிறீர்கள். தளிர் வந்தால் வேர் பிடித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். குச்சியில் சேர்ந்திருக்கும் சத்தை வைத்தே முதல் தளிர் வந்துவிடும், வேர் பின்னால்தான் வரும். அந்த நேரத்தில் வெயிலில் எடுத்து வைத்தாலோ, உரம் போட்டாலோ, ஆட்டிப் பார்த்தாலோ குச்சி தாங்காது.

குச்சி பென்சில் கனத்தில், ஆறு அங்குல நீளத்தில், மூன்று நான்கு கணு இருக்கும்படி வேண்டும். பச்சைத் தளிரும் வேண்டாம், முற்றிய பழுப்புக் கட்டையும் வேண்டாம், இரண்டுக்கும் இடைப்பட்ட கிளைதான் சரி. கீழ்வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக, மேல்வெட்டு கணுவுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே சாய்வாக. எது மேல், எது கீழ் என்று குழம்பாமலிருக்கவும் இது உதவும். பூவும் மொட்டும் இருந்தால் கிள்ளிவிடுங்கள், மனம் வராது, ஆனாலும் கிள்ளத்தான் வேண்டும். மேலே இரண்டு இலை மட்டும் வைத்து, அதையும் பாதியாக நறுக்குங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவரும்போது ஈரச் செய்தித்தாளில் சுற்றுங்கள். பிழிந்தால் சொட்டுகிற ஈரம் கூடாது. அதற்கு மேல் பாலித்தீன் பை, அதில் குண்டூசியால் ஏழெட்டுத் துளை. காற்றே புகாத பையில் ராத்திரி முழுக்கப் பேருந்தில் வந்தால் உள்ளே வெந்துவிடும். வெட்டிய இரண்டு நாளுக்குள் நட்டுவிடுங்கள்.

நடும் கலவையில் மாட்டுச் சாணமோ மண்புழு உரமோ துளியும் வேண்டாம். உங்கள் குச்சிகள் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். வேரில்லாத வெட்டுவாய்க்கு உரம் சாப்பாடு ஆகாது, அழுகலைத்தான் கொண்டுவரும். பாதி கோகோபீட் (தென்னை நார்த் துகள்), பாதி கழுவிய கரட்டு மணல் போதும். கோகோபீட்டை இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்துவிடுங்கள், அதில் உப்பு இருக்கும். மூன்று துளை போட்ட காகிதக் கப்பில் இரண்டு கணு உள்ளே போகும்படி நட்டு, அடியை வெட்டிய தண்ணீர் பாட்டிலை மூடி கழற்றி மேலே கவிழ்த்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் கப்பின் துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். அதற்கு முன் பிடுங்கிப் பார்க்காதீர்கள். பெங்களூருவில் இதற்கு ஏற்றது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. மார்ச், ஏப்ரலில் காற்று காய்ந்துபோகும், டிசம்பர், ஜனவரியின் குளிர் இரவுகளில் வேர் இறங்கத் தாமதமாகும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை ஊற்ற வேண்டாம், உப்பு ஏறி இலை நுனி கருகும்.

உங்கள் குழு ஒரே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியுமென்றால், தொட்டியோடும் மண்ணோடும் கொடுப்பதை நிறுத்துங்கள் என்பேன். மண்ணில்தான் வேர் முடிச்சு நூற்புழு வரும். தக்காளி, கத்தரி வேரில் பயறுபோல் உருண்டையாக வீங்கியிருந்தால் அதுதான். ஒருமுறை தொட்டிக்குள் வந்துவிட்டால் விரட்டுவது பெரும்பாடு. ராட்சத ஆப்பிரிக்க நத்தையின் முட்டையும் மண்ணோடுதான் வீட்டுக்கு வருகிறது, மிளகைவிடச் சற்றுப் பெரிய வெளிர் மஞ்சள் உருண்டைகள். குச்சியாகவும் விதையாகவும் கொடுத்தால் இந்த இரண்டும் வராது.

கறிவேப்பிலைக்குக் குச்சி பிடிப்பது கடினம். பழுத்துக் கறுத்த பழத்தின் சதையைக் கழுவி, ஒரு வாரத்துக்குள் விதைக்கக் கொடுங்கள். காயவைத்து டப்பாவில் வைத்தால் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். எலுமிச்சை வைத்திருக்கும் வீட்டுக்குக் கறிவேப்பிலைச் செடியாகக் கொடுக்கும்போது தளிரை நன்றாகப் பாருங்கள். அதில் வாழும் சில்லிட் என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சிதான் எலுமிச்சைக்கு கிரீனிங் நோயைப் பரப்புகிறது.

தோட்டம் பார்க்கப் போகும்போது கத்தரிக்கோலைப் பொதுவாக வைத்துக்கொள்ளாதீர்கள். செடிக்குச் செடி அலகை சானிடைசர் தோய்ந்த பஞ்சால் துடையுங்கள். புகையிலை தொட்ட கையோடு தக்காளி, மிளகாயைத் தொட வேண்டாம், வைரஸ் ஒட்டும். இலையில் மஞ்சளும் பச்சையும் கலந்து படர்ந்திருக்கும் செடியிலிருந்து, எவ்வளவு அழகாக இருந்தாலும், குச்சி எடுக்காதீர்கள். மணிபிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்று சொல்லி யாராவது கையால் ஒடித்தால் தடுத்துவிடுங்கள், பட்டை கிழிந்தால் தாய்ச் செடிதான் அழுகும்.

கொடுக்கும் ஒவ்வொரு கப்பிலும் பெயர், வெட்டிய தேதி, வெயிலா நிழலா என்று மார்க்கரால் எழுதி ஒட்டுங்கள். அரளி, டிஃபன்பாக்கியா போன்றவற்றில் "குழந்தை வாயில் வைக்கக்கூடாது" என்றும் சேர்த்து எழுதுங்கள். ஆகாயத்தாமரையை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். அது படர்ந்து மூடி பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் பட்ட பாடு உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது.