பின்னால் துணி அலசுகிற பையன்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் மிஷனரியாக பிலிப்பைன்ஸில், இலோய்லோ பக்கம் ஊழியம் செய்கிறான். போய் ஐந்து மாதம் ஆகிறது. வாரம் ஒரு மின்னஞ்சல், அதுவும் நாலு வரிதான் எழுதுகிறான். திங்கட்கிழமை மட்டும் வீடியோவில் பேசுவான். அன்றைக்குத் தாத்தா, பாட்டி, சித்தி, மாமா என்று எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள், பேசி முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகும். அவனோடு தங்கி ஜோடியாக ஊழியம் செய்யும் கம்பானியன், அந்த நாட்டின் தெற்கே உள்ள மிண்டனாவோ தீவுப் பையன். என் மகனிடம் அவன் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லையாம். நாங்கள் பேசும்போது பின்னால் உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருப்பான், எங்களுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்ல மாட்டான். (என் மகன் சட்டைகளையும் அவன்தான் துவைக்கிறான், சமையலும் அவன்தான். மீன்பிடிக் குடும்பத்துப் பையன், இதெல்லாம் அவனுக்குப் பழக்கம்தானாம்.) என் மகன் வீட்டில் ஒரு டம்ளரைக்கூடக் கழுவி வைத்ததில்லை. அவன் சட்டைக்குத் தங்கைதான் இஸ்திரி போடுவாள். அப்படி வளர்ந்தவன் இப்போது அன்பில்லாத ஒருவனோடு மாட்டிக்கொண்டு தவிக்கிறான். மிஷன் தலைவருக்கு எழுதி கம்பானியனை மாற்றச் சொல்லலாமா?
— ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்:

சகோதரி, அடைப்புக்குறிக்குள் போட்டு நீங்கள் தாண்டிப்போன வரிகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மற்றதெல்லாம் பிள்ளையை வெளிநாட்டு ஊழியத்துக்கு அனுப்பிய தாய்மார்கள் வழக்கமாக எழுதுவதுதான். நாலு வரி மின்னஞ்சல், ஒத்துப்போகாத கம்பானியன், இளைத்துப்போன முகம். அதற்கெல்லாம் வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். உங்கள் மகனின் சட்டையை இன்னொரு வீட்டுப் பிள்ளை துவைக்கிறான். அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, அவன் வணக்கம் சொல்லவில்லை என்று குறைப்படுகிறீர்களே, அதை முதலில் பேசிவிடுவோம்.

அந்தத் திங்கட்கிழமை அவனுக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள். வாரத்தில் மற்ற ஆறு நாளும் காலை 6:30-க்கு எழுந்து, உடற்பயிற்சி, வேதபாடம், மொழிப்பாடம் எல்லாம் முடித்து, 10 மணிவாக்கில் வெளியே இறங்கினால் வீடு திரும்ப இரவு 9 ஆகிவிடும். 10:30-க்கு விளக்கை அணைக்க வேண்டும். துணி, சந்தை, முடிவெட்டு, வீட்டைக் கூட்டுவது, வீட்டுக்குக் கடிதம், கொஞ்சம் விளையாட்டு என்று எல்லாவற்றுக்கும் இருப்பது அந்த ஒரு பகல். அன்று மாலை 6 மணிக்குத் திரும்ப ஊழியத்துக்குக் கிளம்பிவிட வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. கம்பானியன்கள் இருவரும் ஒருவர் மற்றவரின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். உங்கள் மகன் இரண்டரை மணி நேரம் போனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால், அந்தப் பையன் சந்தைக்கும் போக முடியாது, பந்து விளையாடவும் போக முடியாது. சும்மா உட்காராமல் துவைக்கிறான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு வாரத்துக்கு ஏழு வெள்ளைச் சட்டை. கழுத்துப்பட்டை, கைப்பட்டை தேய்த்து, அலசி, கொடியில் போட ஒரு சட்டைக்குப் பத்து நிமிடம். இரண்டு பேருக்குப் பதினான்கு சட்டை, 140 நிமிடம். நீங்கள் குடும்பத்தோடு பேசிச் சிரிக்கும் நேரம் ஏறக்குறைய முழுவதும் அதற்கே போய்விடுகிறது. பேன்ட்டும் படுக்கை விரிப்பும் இதற்கு மேல். திங்கட்கிழமை போனுக்காக அவனுக்கும் ஒரு தாய் காத்திருக்கிறாள், சகோதரி. இவ்வளவையும் முடித்து, சமைத்து வைத்துவிட்டு, அவளுக்கு அவன் எத்தனை நிமிடம் கொடுக்க முடியும் என்று ஒரு திங்கட்கிழமையாவது கேட்டீர்களா?

‘பழக்கம்தானாம்.’ நம் ஊரில் யார் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து இதைச் சொல்லிச் சொல்லியே வேலை வாங்கியிருக்கிறோம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதே வார்த்தையைக் கடல் தாண்டியும் கொண்டுபோய்விட்டான் உங்கள் மகன். நீங்களும் அதை அப்படியே எனக்கு எழுதுகிறீர்கள். இயேசு முதலில் அழைத்தது மீன்பிடிக்கிறவர்களைத்தான். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவியவர் அவர். இதைத்தான் உங்கள் மகன் கழுத்துப்பட்டை பளிச்சென்ற சட்டையோடு வீடு வீடாகப் போய்ப் போதிக்கிறான். அந்தப் பளிச்சுக்குப் பின்னால் யார் கை இருக்கிறது என்று பக்கத்திலேயே நிற்கிற கம்பானியனுக்குத் தெரியும். அவன் முகம் கொடுத்துப் பேசாததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பத்தொன்பது இருபது வயதுப் பையன், சண்டை போடாமல் வாயை மூடிக்கொண்டு வேலையைச் செய்கிறான். இரண்டு பேரில் அன்பில்லாதவன் யார் என்று நீங்களே யோசியுங்கள்.

மிஷன் தலைவருக்கு எழுதாதீர்கள். ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒரு முறை அவரே இடமாற்றங்களை முடிவு செய்கிறார். இந்தப் பையன் போனால் வேறொருவன் வருவான், இந்த அழுக்குச் சட்டைகள் அவனுக்கு முன்னாலும் குவியும். உங்கள் மகன் வாராவாரம் மிஷன் தலைவருக்கு நேரடியாகக் கடிதம் எழுதுகிறான், சொல்ல நினைத்தால் அவனே சொல்லலாம். ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். கம்பானியன் அடிக்கிறான், மிரட்டுகிறான், காய்ச்சலில் கிடப்பவனை மருத்துவரிடம் கூட்டிப்போக மறுக்கிறான் என்றால் அது வேறு. அப்போது உங்கள் மகன் வாரக் கடிதம் வரை காத்திருக்காமல் அன்றே தலைவருக்குப் போன் செய்ய வேண்டும், நீங்களும் எழுதலாம். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

உங்கள் மகன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் பேச்சு வேண்டாம். அடுத்த திங்கட்கிழமை அவனே இருவருடைய துணியையும் துவைக்கட்டும். கைக்கு வராது, நேரமாகும், தெரியாததை அந்தப் பையனிடமே கேட்கட்டும். அந்த வாரம் திட்டமிட உட்காரும்போது, கடைசியில் கம்பானியன்கள் இருவரும் மனம் விட்டுப் பேசுவதற்கென்றே ஒரு நேரம் இருக்கிறது. பலர் அதை ‘எல்லாம் சரிதானே, சரிதான்’ என்று ஒரே நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள், அங்கேதான் கெடுகிறது. அப்போது மன்னிப்புக் கேட்கட்டும். காரணம் எதுவும் சொல்லக் கூடாது. ‘எங்கள் வீட்டில் என்னை அப்படி வளர்த்துவிட்டார்கள்’ என்பதும் காரணம்தான்.

சட்டை வெளுக்கும் வழி. ஏழையும் சேர்த்து வைத்துத் திங்கட்கிழமை துவைப்பதுதான் பாதிக் கஷ்டம். வியர்வை ஆறு நாள் ஊறினால் கழுத்துப்பட்டையில் மஞ்சள் ஏறிவிடும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தினமும் இரவு வீடு வந்ததும் அன்றைய சட்டையை நனைத்து, கழுத்திலும் கையிலும் அக்குளிலும் பார் சோப்பைத் தேய்த்து வாளியில் போட்டுவிட்டு, மற்ற வேலையைப் பார்க்கட்டும். இருபது நிமிடம் ஊறினால் போதும். பிரஷ் வேண்டாம், துணியைத் துணியோடு வைத்துக் கசக்கினாலே அழுக்கு விடும். மூன்று தண்ணீர் அலச வேண்டும். சோப்பு தங்கிவிட்டால் இஸ்திரிச் சூட்டில் பழுப்பாகும். முறுக்கிப் பிழியாமல், அப்படியே ஹாங்கரில் மாட்டி, மேல் பட்டனைப் போட்டு, கழுத்துப்பட்டையையும் முன்பட்டையையும் கையால் நீவி இழுத்துவிட்டால் பாதி இஸ்திரி மிச்சம்.

பெட்டிக்கடையில்கூட பிளீச் கிடைக்கும். வியர்வைக் கறை படிந்த பாலியஸ்டர் கலந்த சட்டையில் அதைக் கொட்டினால் வெளுப்பதற்குப் பதில் இன்னும் மஞ்சளாகும், அதைத் தொடக் கூடாது. ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே மழை. ஒரு நாளுக்கு மேல் ஈரமாகவே கிடந்த துணி நாறும், இஸ்திரி போட்டாலும் அந்த நாற்றம் போகாது, மறுபடி துவைக்கத்தான் வேண்டும். அந்த மாதங்களில் இரவு மின்விசிறிக்கு எதிரே, ஒன்றோடொன்று ஒட்டாமல் மாட்டிவிட வேண்டும். இப்படிச் செய்துவந்தால் திங்கட்கிழமைக்கு மிஞ்சுவது பேன்ட்டும் படுக்கை விரிப்பும்தான். அதைக் காலை 8 மணிக்குள் கொடியில் ஏற்றிவிட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும்.

சமையலில் ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும், ஏனென்றால் அது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த ருசி. அந்த ஊர்ச் சந்தையில் பச்சைப்பயறு தாராளமாகக் கிடைக்கும், முருங்கை வேலியோரங்களில் வளர்ந்து நிற்கும். பயறில் முருங்கைக்கீரை போட்டுச் செய்வது அங்கே வீட்டுச் சமையல், நமக்கும் அப்படித்தான். ஒரு கப் பயறுக்கு ஐந்து கப் தண்ணீர். குக்கர் இருக்காது, சாதாரணப் பாத்திரத்தில் நாற்பது நிமிடம் வேகும். உப்பைப் பயறு மசிந்த பிறகு போட வேண்டும். வேறு சட்டியில் பூண்டு, வெங்காயம், தக்காளி வதக்கிச் சேர்த்து, இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் இரண்டு கைப்பிடி கீரையைப் போட்டு இறக்கிவிட வேண்டும், அதிகம் வெந்தால் கசக்கும். இரண்டு பேர் இரண்டு வேளை சாப்பிடலாம். வாரத்தில் மூன்று நாள் இதை அவன் செய்யட்டும். மழைக்காலம் டெங்குக் காலமும்கூட. ஒருவர் படுத்தால் இருவருமே வீட்டில்தான் இருக்க வேண்டும். அப்போது நோயாளிக்கு அரிசிக் கஞ்சி வைக்கத் தெரியாதவனை வைத்துக்கொண்டு அந்தப் பையன் என்ன செய்வான்?

உங்கள் பங்குக்கு வருகிறேன். 2019 பிப்ரவரி 15-க்கு முன்னால் மிஷனரிகள் வீட்டோடு பேசியது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். இப்போது வாராவாரம் பேச அனுமதி இருக்கிறது. எவ்வளவு நேரம் என்பதை மிஷனரியின் நிதானத்துக்கு விட்டிருக்கிறார்கள். மாமாவும் சித்தியும் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பத்தொன்பது வயதுப் பையன் ‘வைக்கிறேன்’ என்று சொல்ல மாட்டான். நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாற்பது நிமிடம் போதும். தாத்தா பாட்டி எப்போதும் இருக்கட்டும், மற்றவர்கள் வாரத்துக்கு ஒருவராக வரட்டும். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். அவனுக்குக் காலை 11 என்றால் உங்களுக்கு 8:30. துணி கொடியில் ஏறின பிறகுதான் அழைப்பு என்று அவனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அழைத்ததும், துவைத்தாயிற்றா, இன்று யார் சமையல் என்று கேளுங்கள். பிறகு அந்தப் பையனைக் கூப்பிடச் சொல்லி, பெயர் சொல்லி விசாரியுங்கள், அவன் வீட்டைப் பற்றிக் கேளுங்கள். இத்தனை நாள் என் மகன் துணியைத் துவைத்ததற்கு நன்றி, இனி வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் மொழியில் ‘சலாமத்’ (நன்றி) என்று சொன்னால் அவனுக்குப் புரியும். இவ்வளவு நீளக் கடிதத்தில் அந்தப் பையனின் பெயரை நீங்கள் ஓரிடத்தில்கூட எழுதவில்லை.

மின்னஞ்சல் நாலு வரியாவதற்குக் காரணம், பேச்சில் எல்லாம் தீர்ந்த பிறகு கடைசியில் அவசரமாக எழுதுவதுதான். பேசுவதற்கு முன்னால் எழுதச் சொல்லுங்கள். தினமும் இரவு, மறுநாள் திட்டத்தை எழுதும் ஏட்டிலேயே அன்று சந்தித்த ஒருவரைப் பற்றி ஒரு வரி குறித்து வைத்தால், திங்கட்கிழமை ஏழு வரி கையில் இருக்கும். ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்டால் ‘நன்றாக இருக்கிறேன்’ என்பதைத் தவிர வேறு எதுவும் வராது. போன வாரம் எழுதியவர்களில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுத்தான் அவள் இந்தக் கதையில் வருகிறாள். துணி துவைப்பதற்கென்று ஒருவர் வீட்டில் பிறந்திருக்கிறார் என்பதை உங்கள் மகன் கற்றுக்கொண்டது பிலிப்பைன்ஸில் இல்லை. ஆண்பிள்ளைக்குத் தட்டு எடுத்து வைப்பதை அன்பு என்று நினைக்கிற வீடு, அவனையும் கெடுத்து, அவனோடு வாழ வருகிறவளுக்கும் சுமை ஏற்றுகிறது. இதில் என் கருத்து மாறப்போவதில்லை. உங்கள் சபையில் பெண்களும் பதினெட்டு மாதம் இதே ஊழியத்துக்குப் போகிறார்கள். அவளுக்கு விருப்பம் இருக்கிறதா என்று கேளுங்கள், படிக்க விரும்பினால் படிக்க வையுங்கள். மகன் ஊர் திரும்பியதும் பெட்டியிலிருக்கும் அழுக்குத் துணியை அவள் கையில் கொடுக்காதீர்கள்.

மிஷன் தலைவருக்கான கடிதத்தை ஏற்கெனவே அனுப்பியிருந்தால், இன்றே இன்னொன்று அனுப்புங்கள். கம்பானியனை மாற்ற வேண்டாம், தவறு எங்கள் பக்கம் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.