சுவர் இறங்கிய வீட்டுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் செட்டிநாட்டு வீடு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் இருக்கிறது. மாமனாரின் அப்பா கட்டியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் மூன்றாங்கட்டில், அதாவது வீட்டின் பின்பகுதியில், கிணற்றடி ஓரச் சுவர் இரண்டு விரல்கடை இறங்கி, தளமும் உட்கார்ந்துவிட்டது. இன்ஜினீயரை வைத்துச் சரிசெய்தோம். இப்போது சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்கிறான். ஏஜென்ட்டோ, "அந்தப் பழைய கதையை எழுதவேண்டாம் ஆச்சி, எழுதினால் எந்தக் கம்பெனியும் தராது" என்கிறார். வீட்டில் நான்கு புள்ளிக்கு (குடும்பத்துக்கு) பங்கு இருக்கிறது. நான் என்ன செய்வது?
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்:

ஆச்சி, அந்த ஏஜென்ட் நீட்டுகிற படிவத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் இருபது வருடத்துக்கு மேல் இன்சூரன்ஸ் க்ளைம் வேலையில் இருந்தவன், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர்களோடு உங்கள் பக்கத்து ஊர்களில் நிறைய வீடுகளுக்குள் போயிருக்கிறேன். ஒரு வீட்டில் மழைக்குப் பின்கட்டுச் சுவர் சரிந்து விழுந்துவிட்டது. விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சுண்ணாம்புக் காரைக்கு மேல் சிமெண்ட் பூசி மறைத்த பழைய விரிசல் தெரிந்தது, பூச்சின் நிறமே வேறு, சர்வேயருக்கு அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. படிவத்தில் "முன்பு சேதம் ஏதும் உண்டா" என்ற இடத்தில் இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஆறு வருடம் பிரீமியம் கட்டிய குடும்பம், ஒரு ரூபாய் வரவில்லை. எழுதச் சொன்ன ஏஜென்ட் அன்றைக்கு அங்கே இல்லை, கையெழுத்துப் போட்ட அம்மாதான் நின்றுகொண்டிருந்தார். அதனால்தான் சொல்கிறேன், மறைத்து வாங்குகிற பாலிசியும் பாலிசி இல்லாததும் ஒன்றுதான், நடுவில் பிரீமியம் மட்டும் தண்டம்.

சரி, உண்மையை எழுதினால் கிடைக்குமா? கிடைக்க வழி இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் வீடுகளுக்கு எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் தரவேண்டும் என்று கொண்டுவந்த ஒரே மாதிரியான பாலிசி ஒன்று இருக்கிறது, பெயர் பாரத் கிரிஹ ரக்ஷா. தீ, இடி மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம் இவற்றோடு, வீடு நிற்கிற நிலம் உள்வாங்கினால் ஏற்படும் சேதத்துக்கும் அதில் இடமுண்டு. ஆனால் அந்த வரிக்குக் கீழேயே எதற்கெல்லாம் தரமாட்டோம் என்றும் எழுதியிருக்கிறார்கள். புதுக்கட்டடம் இயல்பாக உட்கார்ந்து விரிவது, மேடாக்கி நிரப்பிய மண் இறங்குவது, கடலும் ஆறும் அரிப்பது, குறையான வடிவமைப்போ வேலையோ பொருளோ காரணமாக இருப்பது, பக்கத்தில் தோண்டுவதாலோ இடித்துக் கட்டுவதாலோ வருவது, இவை எதற்கும் பணம் கிடையாது. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த சேதத்துக்கும் கிடையாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இதில் உங்களுக்கு முக்கியமானது நிரப்பிய மண் என்கிற அந்த ஒன்றுதான். உங்கள் பக்கம் பெரும்பாலும் செம்மண்ணும் செம்புறாங்கல்லும், அடியில் கெட்டியாக இருக்கும். முகப்பும் வளவும் (முன்கட்டும் நடுக்கட்டும்) நூறு வருடமாக அசையாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். பின்கட்டு அப்படியல்ல. பழைய குழி, தூர்ந்த கிணறு, ஊருணிக் கரையோரப் பள்ளம் என்று எதையாவது மண் கொட்டி மூடி அதன்மேல் பிற்பாடு அடுப்படியோ குளியலறையோ கட்டியிருப்பார்கள். அதனால் உங்கள் சுவர் ஏன் இறங்கியது என்பது தெரியாமல் அடுத்த அடி எடுத்துவைக்கக் கூடாது. கிணற்றடி சாக்கடை உடைந்து அஸ்திவாரத்தில் தண்ணீர் இறங்கியதா, மரவேர் உள்ளே போனதா, அல்லது நிரப்பிய பள்ளமா? சாக்கடைதான் காரணம், அதைச் சரிசெய்தாயிற்று என்றால் கம்பெனியிடம் பேச நல்ல நியாயம் இருக்கிறது. நிரப்பிய மண் என்றால் அந்தக் கட்டுக்கு மட்டும் நிலம் உள்வாங்கும் காப்பீட்டை நம்பி இருக்காதீர்கள்.

இரண்டாவது கேள்வி, இறக்கம் நின்றுவிட்டதா, இன்னும் இறங்குகிறதா. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவு இல்லை. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து இரண்டு ஓரத்தையும் சிமெண்டால் ஒட்டி, தேதியை எழுதிவையுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். கூடவே விரிசலுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து மாதம் ஒரு படம் எடுங்கள், ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் அதில் அடங்க வேண்டும். மயிரிழை விரிசல்கள் எல்லாப் பழைய வீட்டிலும் உண்டு, அதற்குப் பயப்படாதீர்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகவோ படிக்கட்டு மாதிரியோ ஏறி, ஒரு முனை அகலமாகவும் மறுமுனை ஒடுங்கியும் இருந்தால் அதுதான் இன்ஜினீயருக்குக் காட்ட வேண்டியது. தயவுசெய்து அதற்கு முன்னால் பூசி அடைத்துவிடாதீர்கள், சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூச்சு வேறு ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும்.

அதற்குப் பிறகு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியின் சிவில் துறையிலும் யாரை அணுகலாம் என்று கேட்டுப் பார்க்கலாம். காரணம் என்ன, என்ன வேலை செய்யப்பட்டது, இப்போது அசைவு உண்டா, இந்த மூன்றும் அதில் இருக்கவேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய பில், படம், கொத்தனார் கணக்கு நோட்டு எது கிடைத்தாலும் தேடி எடுங்கள், அலமாரியிலோ மாடி அறை டிரங்குப் பெட்டியிலோ இருக்கும்.

ப்ரபோசல் படிவத்தை, அதாவது பாலிசி கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பத்தை, உங்கள் கையாலேயே நிரப்புங்கள். பழைய இறக்கத்தைப் பற்றிக் கேள்வியே இல்லாவிட்டாலும் தனிக் கடிதமாக எழுதி, அறிக்கையை இணைத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். நிரப்பிய படிவத்தின் நகலைக் கேட்பது உங்கள் உரிமை. வீடு வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்குமென்றால் அதையும் எழுதுங்கள், பழைய தீ பாலிசிகளில் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்றே நிபந்தனை இருந்தது. கல்யாணத்துக்கோ சினிமா ஷூட்டிங்குக்கோ விடுவதாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள், இது குடியிருக்கும் வீட்டுக்கான பாலிசி. நான்கு புள்ளியின் பெயரிலும் சேர்த்தே எடுங்கள். உங்கள் பெயரில் மட்டும் எடுத்தால் உங்கள் பங்குக்குத்தான் உங்களால் கேட்க முடியும், நாளைக்குப் பங்காளிகளுக்குள் மனத்தாங்கல் வேறு.

கூகுளில் தேடி மகன் எதையாவது அனுப்புவார். பெரும்பாலும் அது இங்கிலாந்து சமாச்சாரமாக இருக்கும். அங்கே களிமண் சுருங்கி வீடு இறங்குவது சாதாரணம், 1971 முதலே வீட்டு பாலிசியில் அதைச் சேர்த்துத் தருகிறார்கள், இறங்கிய வீடுகளுக்கென்றே பாலிசி தருபவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கெல்லாம் நமக்குப் பொருந்தாது.

இன்சூரன்ஸ் தொகையை நிலத்தின் விலையைச் சேர்க்காமல் போடவேண்டும். கார்ப்பெட் ஏரியாவை (சுவர்களுக்குள் புழங்கும் தரைப் பரப்பை) இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கினால் வருவதுதான் கட்டடத்தின் தொகை. 6,000 சதுர அடி, அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 1.5 கோடி. பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் இந்தக் கணக்கு அறியாது, அதனால் அடி விலையைக் குறைத்துப் போட விடாதீர்கள். வீட்டுச் சாமானுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், தானாகவே சேரும். நகை, வெள்ளி, பழைய ஓவியங்களுக்குத் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும்.

ஒரு கம்பெனி மறுத்தால் இன்னொன்றிடம் போங்கள், அரசுக் கம்பெனிகளே நான்கு இருக்கின்றன. "நிலம் உள்வாங்குவதற்கு மட்டும் தரமாட்டோம், மற்றதற்குத் தருகிறோம்" என்றால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அவ்வளவு மரம் உள்ள வீட்டில், அரதப்பழைய ஒயரிங்கோடு, எனக்கு உண்மையான பயம் தீயைப் பற்றித்தான். பின்கட்டுக்குக் கிடைக்காததை நினைத்து முழு வீட்டையும் வெறுமனே விட்டுவிடாதீர்கள்.

நியாயமான க்ளைமை மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம்) போகலாம், கட்டணம் இல்லை, 50 லட்சம் வரை அவர் உத்தரவிட முடியும். அங்கே உங்களுக்குத் துணை நிற்கப்போவது அந்த முத்திரை போட்ட கடிதம்தான்.

கண்ணாடித் துண்டை இந்த வாரமே ஒட்டிவிடுங்கள் ஆச்சி. இன்ஜினீயர் அறிக்கை கைக்கு வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள், கடிதத்தை எப்படி எழுதுவதென்று சேர்ந்து பார்ப்போம்.