வேற்று மத நண்பர்களுக்கு பைபிள் வசனம் போட்ட கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பலாமா?

அப்படி அனுப்பினால் நம் விசுவாசத்தைச் சொன்னதாக ஆகுமா, இல்லை முகம் சுளிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. டிசம்பர் பிறந்ததும் அப்பா ஒரு கட்டு அட்டை வாங்கி வருவார். பெரும்பாலும் சிவகாசியில் அச்சானவை. பனி கொட்டும் ஊர், ஊசியிலை மரம், சறுக்கு வண்டி என்று நாங்கள் கண்ணால் பார்த்தே இராத சங்கதிகள்தான் படமாக இருக்கும். உறையை ஒட்டாமல் மடித்து மட்டும் விட்டு, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதுவது என் வேலை. அப்போது அதற்குத் தபால்தலைச் செலவு குறைவு.

அப்பாவின் பட்டியலில் பாதிப் பேர் இந்துக்களும் முஸ்லிம்களும். அச்சடித்த வசனத்துக்குக் கீழே ஆளுக்கு இரண்டு வரி கையால் எழுதுவார். மகன் பட்டாளத்தில் இருந்த ஒருவருக்கு, ‘தம்பி லீவுக்கு வந்தானா? அவனுக்காகத் தினமும் ஜெபிக்கிறோம்’ என்று எழுதியது நினைவிருக்கிறது. நிஜமாகவே இராத்திரி குடும்ப ஜெபத்தில் அந்தப் பெயரைச் சொல்வார். ஜனவரியில் அந்த வீடுகளிலிருந்து கரும்பும் பானையும் போட்ட பொங்கல் வாழ்த்து வரும். கிறிஸ்துமஸ் அட்டைகள் தொங்கும் அதே நூலில் அம்மா அதையும் கோத்து விடுவாள்.

நான் வேலைக்குப் போன பிறகு வேகம் கூடிவிட்டது. ஒரு வருடம் எல்லா உறையிலும் அட்டையோடு ஒரு கைப்பிரதியையும், அதாவது சுவிசேஷம் சொல்லும் துண்டுப்பிரசுரத்தையும், சொருகினேன். ‘நீ ஆயத்தமா?’ என்கிற வகை. அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர், நான் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், டீ குடிக்கும்போது கேட்டார்: “தம்பி, கார்டு எனக்குத்தான், தெரியுது. உள்ள வச்ச நோட்டீஸு எனக்கா, ஊருக்கா?” கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அந்த வருடம் அவருடைய அம்மா இறந்திருந்தார். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை.

அட்டை அனுப்புவதே ஊழியம், கர்த்தருக்குச் செய்யும் சேவை என்று சிலர் பேசுவார்கள். அப்படியெல்லாம் இல்லை. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஹார்ஸ்லியை வரையச் சொல்லி அச்சிட்டு விற்ற முதல் கிறிஸ்துமஸ் அட்டையில் குழந்தை இயேசுவே கிடையாது. நடுவில் ஒரு குடும்பம் திராட்சை மது குடிக்கிறது. சின்னப் பிள்ளைக்கும் ஒரு வாய். மதுவிலக்குக்காரர்கள் கொதித்துப் போனார்கள். ஆனால் இரண்டு ஓரத்திலும் ஏழைக்குச் சோறு போடுவதும் துணி கொடுப்பதும் இருக்கும். எனக்கு அந்த ஓரப் படங்கள்தான் பிடிக்கும்.

சரி, இப்போது என்ன செய்கிறேன்? இருபது அட்டைக்கு மேல் போவதில்லை. வசனம் கட்டாயம் இருக்கும். நம் பண்டிகை எதற்கு என்பதை மறைத்து ‘சீசன் வாழ்த்து’ என்று மழுப்புவது எனக்கு ஒட்டாது. பயமுறுத்தும் வசனம் வேண்டாம். கைப்பிரதியும் வேண்டாம். அவர் வீட்டில் அந்த வருடம் நடந்ததைப் பற்றி இரண்டு வரி, அவ்வளவுதான். வாட்ஸப்பில் நூறு பேருக்குத் தள்ளிவிடும் படத்தை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அண்ணாச்சிக்கு அடுத்த வருடம் பைபிளின் ஏசாயா புத்தகத்து வசனம் போட்ட அட்டை அனுப்பினேன், ‘நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்’ என்று தொடங்குவது. கீழே அவர் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தேன். மறுநாள் அட்டையோடு என் மேஜைக்கே வந்துவிட்டார். “கர்த்தத்துவம் அவர் தோளின்மேலிருக்கும்னு போட்டிருக்கே, கர்த்தத்துவம்னா என்ன?” ஆட்சி, அதிகாரம் என்றேன். அதை எதற்குக் குழந்தை தோளில் வைக்க வேண்டும் என்றார். டீ ஆறிப்போகும் வரை பேசினோம். எழுந்து போகும்போது, “அப்ப ஆட்சின்னே போட்டிருக்கலாமே தம்பி” என்றார்.