எழுத்தும் எண்ணும் தடுமாறும் பிள்ளைகள்: கேள்விகளும் பதில்களும்

சென்னையில் வாசிப்பிலும் கணக்கிலும் பின்தங்கும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தரும் சிறப்பாசிரியர் நான். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மேடம், பையன் மூன்றாம் வகுப்பு, சிபிஎஸ்இ. தினமும் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு டியூஷன். வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறான், புத்தகத்தைத் திறந்தால் வாசிப்பதில்லை. சோம்பேறித்தனம் என்கிறார் டீச்சர். (அம்மா, அண்ணா நகர்)

வாயால் எல்லாம் சொல்லும் பிள்ளை வாசிக்க மட்டும் மறுத்தால், அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். சளியால் காது அடைத்து, பாதி கேட்டும் கேட்காமலும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு.

அப்புறம் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். பாடப்புத்தகம் வேண்டாம், அது அவனுக்கு மனப்பாடம். ‘மிப்’, ‘டோக்’, ‘ஸ்லட்’ போல அர்த்தமே இல்லாத சொற்களை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறான் என்று கவனியுங்கள். எழுத்துக்கு உரிய ஒலி தெரியவில்லையா? ஒலி தெரிந்தும் சேர்க்க வரவில்லையா? சரியாகச் சேர்த்தாலும் ரொம்ப மெதுவா? மூன்றும் வேறு வேறு சிக்கல், மூன்றுக்கும் வேறு வேறு பயிற்சி. புத்தகமே இல்லாமல் இன்னொன்றும் கேளுங்கள்: ‘பட்டம்’ என்பதில் ‘ப’வை எடுத்துவிட்டு ‘வ’ போட்டால் என்ன வரும்? இதற்கே தடுமாறினால் சிக்கல் எழுத்தில் இல்லை. சொல்லை ஒலிகளாகப் பிரித்துக் கேட்பதிலேயே பயிற்சி வேண்டும்.

டியூஷனில் நடப்பது என்ன? நாளைய வீட்டுப்பாடம், அடுத்த வாரத் தேர்வு. வாசிக்கத் தெரியாத பையன் அதை மனப்பாடம் செய்துதான் சமாளிக்கிறான். இரண்டு டியூஷன் என்றால் மனப்பாடத்துக்கு இரண்டு மடங்கு பயிற்சி. ஒன்றை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்தை, அவன் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கும் வாசிப்புப் பயிற்சிக்குக் கொடுங்கள். மூன்றாம் வகுப்புப் பையனுக்கு முதல் வகுப்புப் பாடமா என்று வீட்டில் கேட்பார்கள். ஆமாம், அங்கே நின்றால் அங்கிருந்துதான்.

மகள் நான்காம் வகுப்பு. தமிழை எழுத்துக்கூட்டியாவது வாசித்துவிடுகிறாள், ஆங்கிலம்தான் வரவில்லை. அப்படியென்றால் டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) இல்லைதானே? (அப்பா, பெரம்பூர்)

அப்படிச் சொல்லிவிட முடியாது. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு ஆங்கிலத்தைவிட நிலையானது. அதனால் வாசிப்புக் குறைபாடு தமிழில் பிழையாகத் தெரிவதைவிட வேகக் குறைவாகத்தான் அதிகம் தெரியும். நான்காம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள் என்றால் அதுவே கவனிக்க வேண்டிய விஷயம்.

தமிழிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. ‘கொ’ எழுத்தில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, நாக்கு முதலில் சொல்வதோ ‘க்’. ‘கடல்’, ‘மகள்’, ‘தங்கம்’ மூன்றிலும் அதே ‘க’ மூன்று விதமாக ஒலிக்கிறது. அவள் தடுக்கி நிற்பது இங்கெல்லாமா என்று பாருங்கள். தமிழை வேகமாகவும் சரியாகவும் வாசித்து ஆங்கிலத்தில் மட்டும் நின்றால், பெரும்பாலும் கற்பித்தலில் விழுந்த ஓட்டைதான். ‘ஏ, பி, சி’ என்று எழுத்தின் பெயரைச் சொல்லித்தந்து, ஒலியைச் சொல்லித்தராமல் விட்டிருப்பார்கள்.

மாநகராட்சித் தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கான பயிற்சி எடுத்திருக்கிறேன். இருந்தும் நான்காம் வகுப்பில் சிலர் தொடக்கமான அரும்பு நிலையிலேயே நிற்கிறார்கள். வகுப்பை விட்டுவிட்டு அவர்களை மட்டும் பார்க்க முடியவில்லை. (வியாசர்பாடி)

உங்கள் கேள்வியைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது, அந்தப் பிள்ளைகள் உங்கள் கண்ணில் பட்டிருக்கிறார்களே! எண்ணும் எழுத்தும் 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கி, மறு ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரிப்பதுதான் அதன் பலம். ஆனால் குழுவாகச் சொல்லித்தந்தும் நகராத பிள்ளைக்கு வேண்டியது அதே பாடம் இன்னொரு முறை அல்ல, இன்னும் சின்னப் படி.

மற்றவர்கள் பயிற்சித்தாள் செய்யும்போது இவர்களோடு தினமும் 15 நிமிடம் உட்காருங்கள். வாரத்துக்கு ஒரே ஒரு குறி போதும், கால் மட்டும், அல்லது கொக்கி மட்டும். க, கா; ம, மா; ப, பா. மணலில் விரலால் எழுதிக்கொண்டே சொல்லட்டும். நேற்றைய எழுத்தை இன்று மறுபடி கேட்டுவிட்டுத்தான் புதியது. நீங்கள் லீவில் போகும் நாளிலும் இது நிற்கக் கூடாது, பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சொல்லி வையுங்கள். அப்படியும் நகராத பிள்ளையை, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வரும் நாளில் காட்டுங்கள். அதற்குள் அந்தப் பிள்ளை எழுதிய தாள்களைத் தேதி போட்டுச் சேர்த்து வைத்தால், வாய்வார்த்தையைவிட அவருக்கு அதிகம் உதவும்.

பேத்தி ஆறாம் வகுப்பு. வாய்ப்பாடு எத்தனை முறை சொல்லவைத்தாலும் மறந்துபோகிறது. கடையில் மீதிச் சில்லறை சரியா என்றும் தெரியவில்லை. (பாட்டி, மேற்கு மாம்பலம்)

வாய்ப்பாட்டை ஓரமாக வைத்துவிடுங்கள் அம்மா. எட்டைப் பார்த்தால் ஐந்தும் மூன்றும் என்று அவளுக்குத் தெரிகிறதா? 47, 74 இரண்டில் எது பெரியது, ஏன் என்று சொல்கிறாளா? இது தெரியாத பிள்ளைக்கு வாய்ப்பாடு வெறும் பாட்டு.

எண்களின் பெயரிலும் ஒரு தொல்லை இருக்கிறது. தொண்ணூறு என்ற சொல்லில் நூறு கேட்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது. இடமதிப்பு பிடிபடாத பிள்ளை காதை நம்பி எழுதி மாட்டிக்கொள்ளும். அதற்குத் திட்ட வேண்டாம். பத்துப் பத்துக் குச்சியாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். ஒன்பது கட்டு தொண்ணூறு, இன்னொரு கட்டு சேர்ந்தால்தான் நூறு என்று அவள் கையே உணரட்டும். 52இல் 17 கழிக்க ஒரு கட்டைப் பிரித்தால்தான் ‘கடன் வாங்குவது’ என்னவென்று புரியும். குச்சியில் நன்றாக வந்த பிறகு அதையே கோடும் புள்ளியுமாக வரையட்டும், அப்புறம்தான் வெறும் எண். பெரும்பாலும் இந்த நடுப்படியைத்தான் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

உங்கள் வீட்டில் பல்லாங்குழி இருந்தால் எடுங்கள். ஐந்து ஐந்தாகச் சோழி போடுவதும், அள்ளி எண்ணுவதும், எந்தக் குழியில் முடியும் என்று முன்கூட்டியே யோசிப்பதும் அவளுக்கு வேண்டிய பயிற்சிகளே. கடைக்கும் அனுப்புங்கள், பின்னால் ஆள் நிற்காத நேரமாகப் பார்த்து.

பையனுக்கு ஏழு வயது. சான்றிதழ் இப்போதே வாங்கலாமா? (வேளச்சேரி)

குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டுக்கான (வாசிப்பு, எழுத்து, கணக்கில் வரும் குறைபாடு) சான்றிதழ் எட்டு வயது முடிந்த பிறகுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இதை 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் பயிற்சி தொடங்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. காத்திருக்காதீர்கள்.

மகன் ஒன்பதாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் கெட்டுவிடும் என்று டிசி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். (அம்மா, தாம்பரம்)

கையெழுத்துப் போடாதீர்கள். எட்டாம் வகுப்பு வரை பள்ளியை விட்டு அனுப்ப முடியாது என்பது கல்வி உரிமைச் சட்டம். ஒன்பதில் அது துணைக்கு வராது. ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் கட்டுப்படுத்துகிறது. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. வாய்ப்பேச்சு வேண்டாம், ஹெச்எம்முக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

கூடவே சான்றிதழ் வேலையை உடனே தொடங்குங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஸ்க்ரைப், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். கடைசி நேரத்தில் ஓடினால் கிடைக்காது. ஸ்க்ரைபிடம் பதில் சொல்வதும் தனித் திறமை. கமாவும் முற்றுப்புள்ளியும்கூடச் சொல்லிப் பழக வேண்டும், காலாண்டுத் தேர்விலிருந்தே பழக்குங்கள்.

தேசிய திறந்தநிலைப் பள்ளி இன்னொரு வழி. பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடம், அதில் ஒரு மொழி போதும், கணக்கு எடுக்காமலும் தேறலாம், பாடங்களைப் பிரித்தும் எழுதலாம். நல்ல வழிதான். ஆனால் அது உங்கள் பையனும் நீங்களும் யோசித்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். பள்ளி தன் சதவீதத்துக்காகத் தள்ளிவிடும் இடமாக இருக்கக் கூடாது.

கலர் கண்ணாடி போட்டால் டிஸ்லெக்சியா சரியாகும் என்று விளம்பரம் பார்த்தேன். (போரூர்)

ஆகாது. அந்தப் பணத்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல ஸ்பெஷல் எஜுகேட்டரை எப்படிக் கண்டுபிடிப்பது? (திருவான்மியூர்)

சிறப்பாசிரியர்களைப் பதிவுசெய்யும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் (RCI) பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், தயங்காமல் காட்டுவார்கள். மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகளிடமும் விசாரிக்கலாம். அதைவிட முக்கியம் முதல் சந்திப்பு. பிள்ளையை வாசிக்கவைத்து, எழுதவைத்து, எங்கே நிற்கிறான் என்று குறித்துக்கொள்கிறாரா? மூன்று மாதத்தில் எதை எதிர்பார்க்கலாம், எதை வைத்து அளப்பார் என்று சொல்கிறாரா? நேராகப் பள்ளி நோட்டைத் திறந்தால் அதுவும் டியூஷன்தான். முழுதாகக் குணமாக்கித் தருகிறேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரத்தைவிட, மூன்று நாள் நாற்பது நிமிடம் நல்லது.

ஏழாம் வகுப்புத் தம்பி “நான் மக்கு, என்னை விட்டுடு” என்கிறான். நான்தான் அவனுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன். (அக்கா, கல்லூரி மாணவி, ராயபுரம்)

அவனோடு கொஞ்ச நாள் வாத்தியாராக இருக்காதே அம்மா, அக்காவாக இரு. அவனுக்குப் பிடித்தது கிரிக்கெட் என்றால் அந்தச் செய்தியை நீ வாசி, அவன் கேட்கட்டும். வாசிக்கத் தெரியவில்லை என்பதற்காக அவன் விஷயம் தெரியாதவனாக இருந்துவிடக் கூடாது. அறிவியலும் சமூக அறிவியலும் ஒலிப்பதிவாகப் போட்டுக் கொடு. வாசிப்புப் பயிற்சியை வெளியாள் ஒருவர் செய்யட்டும், வீட்டில் சண்டை குறையும். அவன் வயதுக்குப் பொம்மைப் புத்தகத்தை நீட்டாதே. எளிய சொற்களில், அவன் வயதுக்கான விஷயத்தை நீயே பத்து வரி எழுதிக் கொடு. நேற்று சிக்கிய சொல் இன்று வந்துவிட்டால், “வந்துடுச்சு பார்” என்று அந்தச் சொல்லைக் காட்டியே சொல். அப்புறம் ஒன்று, வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்லி அவனை எழுப்ப வேண்டாம் என்று அவனுடைய வகுப்பாசிரியரிடம் அம்மாவோ அப்பாவோ இந்த வாரமே போய்க் கேட்கட்டும்.