தோற்ற ஆட்டத்தை ஆர்மி ரசிகர்கள் ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

வெறும் ஆறுதலுக்காக அல்ல. 2018 செப்டம்பர் 22 அன்று, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துத் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை) தரவரிசையில் 5ஆம் இடத்திலிருந்த ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியை, வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் ஆர்மி அணி, ஓக்லஹோமாவின் சொந்த மைதானத்திலேயே திணறடித்தது. கூடுதல் நேரம்வரை போராடித்தான் 28-21 எனத் தோற்றது.

நான் முதலில் பார்ப்பது கடிகாரத்தை. 60 நிமிட ஆட்டத்தில் 44 நிமிடம் 41 விநாடி பந்து ஆர்மியிடம் இருந்தது. அந்த ஆண்டு, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை வென்ற ஓக்லஹோமாவின் கைலர் மர்ரே பெரும்பாலான நேரம் எல்லைக்கோட்டுக்கு வெளியே காத்துக் கிடந்தார். ஆர்மியின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் வீரர்) பந்தை நடுவில் பாய்பவரிடம் கொடுப்பார், தானே ஓடுவார், இல்லையேல் பக்கவாட்டில் ஓடிவருபவருக்குத் தட்டிவிடுவார்; எதிரில் நிற்கும் தடுப்பாளரின் அசைவைப் பார்த்து அந்த நொடியில் முடிவெடுப்பார். ஒவ்வொரு முறையும் மூன்று, நான்கு கஜம்தான். ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓக்லஹோமாவின் கென்னத் மர்ரே மட்டுமே 28 முறை ஆட்களைப் பிடித்து வீழ்த்த வேண்டியிருந்தது என்றால் அந்த உழைப்பை எண்ணிப் பாருங்கள்!

குறை சொல்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. கூடுதல் நேரத்தில் பின்தங்கியதும் ஆர்மி பந்தை எறிய வேண்டியதாயிற்று. எறிந்த பந்தை எதிரணி பறித்தது. ஓட்டத்தையே நம்பும் அணிக்கு அதுதான் பலவீனம்.

ஆனால் அதன்பின் அந்தப் பருவத்தில் ஆர்மி தோற்கவே இல்லை. தொடர்ந்து ஒன்பது வெற்றிகள்.