பழைய மாடல் 19-க்கு எந்தத் தோட்டா?

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன். போன மாதம் ஒரு கன் ஷோவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19, .357 மேக்னம், 4 அங்குலக் குழல், வாங்கினேன். 70களில் செய்தது என்றார் விற்றவர். கூடவே கையால் நிரப்பிய 50 தோட்டாக்களை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுச் சும்மாவே கொடுத்தார். டப்பா மேல் பென்சிலில் '125 கிரெய்ன், ஹாட்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. இதைச் சுடலாமா? நானும் ரீலோடிங், அதாவது காலி உறையில் நானே தோட்டா நிரப்புவது, ஆரம்பிக்க நினைக்கிறேன், இந்தத் துப்பாக்கிக்கு என்ன மாதிரி லோடு (குண்டும் பவுடரும்) சரிப்படும்?

பதில்: சுடாதீர்கள். யார் நிரப்பினது, எந்தப் பவுடர், எவ்வளவு, எதுவுமே தெரியாத தோட்டா அது. கொடுத்தவர் எவ்வளவு நல்லவர் என்பது இதில் கணக்கில்லை, அவருக்கே யாரோ கொடுத்ததாகக்கூட இருக்கலாம். பல ரேஞ்சுகளில் வேண்டாத தோட்டாவைப் போடத் தனி டப்பா வைத்திருப்பார்கள், கேட்டுவிட்டு அங்கே ஒப்படையுங்கள். குண்டைக் கழற்றும் சுத்தியல் வாங்கினால் நீங்களே பிரித்து, குண்டை மட்டும் எடுத்துவைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் பவுடரை மறுபடி எதிலும் போடக் கூடாது.

அந்தப் பென்சில் எழுத்தில் எனக்கு அதிகம் உறுத்துவது காரமான லோடு என்று சொல்லும் 'ஹாட்' அல்ல, குண்டின் எடையைச் சொல்லும் '125' (கிரெய்ன் என்பது ஒரு சின்ன எடை அளவு). மாடல் 19 வந்தது 1955-ல். அமெரிக்க எல்லைக் காவல் படையில் இருந்த பில் ஜோர்டன் போன்றவர்கள், நாள் முழுக்க இடுப்பில் தொங்கும் துப்பாக்கி லேசாக இருக்க வேண்டும், ஆனால் மேக்னம் சுட வேண்டும் என்று கேட்டதற்காகச் செய்தது. அதனால் கே ஃபிரேம் என்கிற நடுத்தர அளவான துப்பாக்கி உடலிலேயே மேக்னத்தை அடக்கினார்கள். சிலிண்டரைத் தாங்கும் கை மடங்கி உட்கார இடம் வேண்டும் என்பதற்காக, குழலின் பின்வாயை, ஃபோர்சிங் கோன் என்கிறோமே அதை, அடிப்பக்கம் தட்டையாகச் சீவியிருப்பார்கள். அங்கே இரும்பு மெல்லிசு. அந்தக் காலத்துப் போலீஸ்காரர்கள் பெரும்பாலும் சக்தி குறைந்த .38 ஸ்பெஷலில் பயிற்சி எடுத்து, டூட்டிக்கு மட்டும் மேக்னம் போட்டுக்கொண்டதால் பிரச்சினை வெளியே தெரியவில்லை. பயிற்சிக்கும் முழு மேக்னம் என்று ஆனபோதுதான், அதுவும் 125 கிரெய்ன் குண்டோடு, அந்த மெல்லிசு இடத்தில் விரிசல் விட ஆரம்பித்தது. 125 கிரெய்ன் குண்டு குட்டை. உறையை விட்டுச் சீக்கிரம் கிளம்பிவிடும், எரிந்துகொண்டிருக்கும் பவுடரும் சூடான வாயுவும் பின்னாலேயே வந்து கோனில் அறையும். 158 கிரெய்ன் குண்டு நீளம், கொஞ்சம் நிதானமாகக் கிளம்பும், இந்த அடி குறைவு. 80களின் தொடக்கத்தில் கனமான எல் ஃபிரேமை அந்தக் கம்பெனி கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் லோடைப் பற்றி யோசிக்கும் முன் துப்பாக்கியைப் பாருங்கள். தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, சிலிண்டரைத் திறந்து, கோனைப் பித்தளை பிரஷ்ஷால் கரி போகத் தேய்த்துவிட்டு, டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மயிரிழைக் கோடு தெரிந்தால் நேரே கன்ஸ்மித்திடம் போங்கள், பழைய மாடலுக்கு மாற்றுக் குழல் லேசில் கிடைக்காது. அப்புறம் சிலிண்டரை மூடி முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், நன்றாக ஆடினால் அதுவும் அவருக்குத்தான் வேலை. குழலுக்கு மேலே இருக்கும் பட்டையில் தீ அரித்த மெல்லிய கோடு இருந்தால் பயப்பட வேண்டாம், ஓரளவுக்கு மேல் அது ஆழமாகாது.

எல்லாம் சரியாக இருந்தால், என் தேர்வு 158 கிரெய்ன் ஈயக் குண்டு, முனை தட்டையான செமி வாட்கட்டர் வடிவம், நடுத்தர வேகம். பவுடருக்கு யூனிக் மாதிரி ஏதாவது. எச் 110 என்கிற பவுடரைத் தொடாதீர்கள். வின்செஸ்டர் 296 என்று விற்பதும் அதேதான், பெயர்தான் வேறு. அதை நடுத்தர லோடுக்காகக் குறைத்துப் போட்டால் ஒழுங்காகப் பற்றாமல் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம், தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் போச்சு. முழுசாகப் போட்டால் நாம் தவிர்க்க நினைக்கிற அதே அடி. எத்தனை கிரெய்ன் பவுடர் என்று நான் சொல்லப் போவதில்லை. லைமன், ஹார்னடி, ஸ்பியர் என்று அச்சான கையேடுகள் இருக்கின்றன, ஒன்றை வாங்கி உங்கள் குண்டுக்கான தொடக்க அளவிலிருந்து ஏறுங்கள். யாரோ சொன்ன அளவை நம்பிப் போடாதீர்கள், நான் சொன்னாலும் சரி.

கேள்வி: அப்படியானால் .38 ஸ்பெஷல் உறையிலேயே நிரப்பிவிடலாமே, இந்தத் துப்பாக்கி அதையும் சுடுமே?

பதில்: தாராளமாகச் சுடும், துப்பாக்கிக்கும் சுகம். ஒரே தொல்லை, .38 உறை 1.155 அங்குலம், மேக்னம் உறை 1.29. அந்தக் குறைகிற தூரத்தில் சிலிண்டர் அறைக்குள் கரி வளையம் மாதிரிப் படியும், அதைத் தேய்த்து எடுக்காமல் நாளைக்கு மேக்னம் போட்டால் இறுகும். மேக்னம் உறையிலேயே மென்மையாக நிரப்புவது எனக்குப் பிடிக்கும், ஆனால் அதில் ஒரு ஆபத்து உண்டு. உறை பெரிசு, பவுடர் கொஞ்சம் என்பதால் தவறி இரண்டு முறை ஊற்றினாலும் வழியாது. குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு உறைக்குள்ளும் விளக்கடித்து எட்டிப் பாருங்கள், எல்லாவற்றிலும் ஒரே மட்டம் இருக்கிறதா என்று. ஐம்பது உறைக்குச் சில நிமிஷம்தான் ஆகும்.

கேள்வி: ரீலோடிங்கில் நிஜமாகவே காசு மிச்சமாகுமா? தோட்டா நிரப்பும் கருவி, அந்த பிரஸ், எது வாங்கலாம்?

பதில்: மாதம் ஒரு டப்பா சுடுகிற ஆள் என்றால் சேமிப்பைச் சொல்லிக்கொண்டு இதில் இறங்காதீர்கள், போட்ட முதல் திரும்ப வருவதற்கு வருஷக்கணக்காகும். கடையில் 158 கிரெய்ன் .38 வாங்கிச் சுட்டுக்கொள்ளலாம். வாராவாரம் சுடுகிறவருக்குக் கட்டும், ரிவால்வரில் காலி உறை தரையில் சிதறாமல் கையிலேயே விழுவதும் ஒரு லாபம். முதல் பிரஸ், ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் சிங்கிள் ஸ்டேஜாக இருக்கட்டும். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரு தோட்டா என்று கடைக்காரர் காட்டும் புரோகிரஸிவை அப்புறம் பார்க்கலாம், புதுசாகக் கற்றுக்கொள்கிறவர் ஒரே சமயத்தில் நாலு வேலையைக் கவனிக்க முடியாது. பிரஸ்ஸில் மிச்சம் பிடித்தாலும் தராசில் மிச்சம் பிடிக்காதீர்கள், சோதனைக் கல்லும் சேர்த்து வாங்குங்கள். சமையலறை மேஜையில் வைத்து வேலை செய்ய வேண்டாம், குண்டிலும், பவுடரைப் பற்றவைக்கும் பிரைமரின் கரியிலும் ஈயம் இருக்கிறது. கராஜில் வைத்துக்கொண்டு, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே வாருங்கள்.